எருமைகள் வெளியேறிய ஏரி

பரத்பூர் பறவைகளைக் காக்கப் போட்ட ஒரு தடை, பறவைகளையே விரட்டிய கதை

குளிர்காலக் காலையில் பரத்பூரில் மூடுபனி சாவகாசமாகத்தான் விலகுகிறது. கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ரிக்‌ஷா ஓட்டிகள்தான் இங்கே வழிகாட்டிகளும். பெடலை மிதித்தபடியே, பனிக்குள் மங்கலாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். கருவேல மரங்கள் இருபுறமும் நிற்கும் சாலை முடியும் இடத்தில் ஒரு சிவன் கோயில். பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவர் அந்தக் கேவலாதேவர்தான்.

டெல்லியிலிருந்து சுமார் 180 கி.மீ. தொலைவில், ராஜஸ்தானின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது இந்த 29 சதுர கி.மீ. பரப்பு. பார்ப்பவர்களுக்கு இயற்கையின் கொடை என்றே தோன்றும். உண்மையில் இது மனிதர்கள் செய்த ஏரி. 18-ம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ் மல் அஜான் அணையைக் கட்டியபோது பள்ளமான இந்த நிலத்தில் நீர் தேங்கியது. பிறகு வந்த மன்னர்கள் வாய்க்கால்களும் மதகுகளும் அமைத்து, வாத்து வேட்டைக்கு ஏற்ற இடமாக இதை மாற்றினார்கள். யார், எந்த நாளில், எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்ற விவரம் கோயிலுக்கு அருகே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுடப்பட்டவை 4,273.

சுதந்திரத்துக்குப் பிறகு ஏரியை வற்றவைத்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, பிரதமர் நேருவிடம் முறையிட்டு அதைத் தடுத்தார். 1956-ல் இது சரணாலயமானது. 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றானது.

இங்கே பறவைகள் சாப்பிடுவதைக் கவனித்தாலே சுற்றுச்சூழலின் பாலபாடம் புரிந்துவிடும். மஞ்சள் மூக்கு நாரை ஆழமில்லாத நீரில் அலகைப் பிளந்து வைத்துக்கொண்டு நடக்கிறது. மீன் உரசிய நொடியில் அலகு மூடிக்கொள்ளும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை போதும். பாம்புத்தாரா ஆழத்தில் மூழ்கி, கூரிய அலகால் மீனைக் குத்துகிறது. ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கி, தலையை நீருக்குள் விட்டு அடியிலுள்ள விதைகளைத் தேடுகிறது. இலைக்கோழி தாமரை இலை மீது நடந்தே இரை தேடிக்கொள்கிறது. ஏரி ஒன்றுதான், ஆனால் ஆழத்துக்கு ஒரு பந்தி. அதனால்தான் 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே அதிகச் சண்டையில்லாமல் பிழைக்க முடிகிறது.

இந்தப் பந்தியில் எருமைக்கும் ஓர் இடம் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சுற்றியுள்ள கிராமங்களின் எருமைகளும் மாடுகளும் தலைமுறைகளாக இங்கே மேய்ந்துவந்தன. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. 1982 நவம்பரில் தடை அமலுக்கு வந்தது. கொதித்தெழுந்த கிராம மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் பலியாயின. கால்நடைகள் மதில் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டன. பறவைகளுக்கு விடிவு வந்துவிட்டது என்று அதிகாரிகள் நம்பினார்கள்.

நடந்தது நேர்மாறு. எருமைகள் தின்றுவந்த பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தடையின்றிப் பரவி நீர்ப்பரப்பைப் பாய் விரித்தாற்போல மூடியது. கீழே வெயில் போகவில்லை. நீருக்குள் வளரும் செடிகள் நலிந்தன. மீன்களுக்கு நீந்தவும் வாத்துகளுக்கு இறங்கவும் இடம் குறைந்தது. எருமைச் சாணமும், அதை அண்டி வாழும் பூச்சிகளும்கூட உணவுச் சங்கிலியிலிருந்து கழன்றுபோயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-களில் பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னது இதைத்தான்: எருமைகள் இந்த ஈரநிலத்துக்கு எதிரியல்ல, அதைத் திறந்து வைத்திருந்த வேலையாட்கள். முதலில் தடையை ஆதரித்தவர்களின் தரப்பிலிருந்தே இந்த முடிவு வந்ததுதான் விசேஷம். 1990-ல் ராம்சார் அமைப்பு இந்த ஏரியை ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் புல்லை அறுத்துச் செல்லக் கிராம மக்களுக்கு அனுமதி தரப்பட்டது. எருமை இலவசமாகச் செய்த வேலையை மனிதர்கள் அரிவாளால் செய்தார்கள்.

பரத்பூரின் புகழுக்குக் காரணமாக இருந்த சைபீரியக் கொக்குகளின் கதை இன்னும் சோகமானது. 1960-களின் நடுவில் சுமார் 200 கொக்குகள் குளிர்காலத்தை இங்கே கழித்தன. ஆழமற்ற நீரில் கோரைக் கிழங்குகளைத் தோண்டித் தின்பதே அவற்றின் வாழ்க்கை. எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிந்தது. 2002-க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. பழியெல்லாம் புல்லின் மேல் போட முடியாது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வழியெங்கும் வேட்டைக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒரு பறவைக்கு அதன் இருப்பிடம் என்பது ஏரி மட்டுமல்ல, அங்கே வந்து சேரும் வழி முழுவதும்தான்.

மதில் சுவர் தடுக்க முடியாத இன்னொரு விஷயம் தண்ணீர். கம்பீர் நதியின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்த பிறகு, கீழே வரும் வெள்ளம் குறைந்தது. 2004-ல் விவசாயிகளின் எதிர்ப்பால் அணை நீர் கிடைக்காமல் பூங்கா வறண்டது. ஏரிக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கோடி கன அடி நீர் வேண்டும்; அந்த விவசாயிகளின் வயல்களுக்கும் தாகம் உண்டு. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போடப்பட்டது. சம்பல் நதி நீரும் வருகிறது. ஆனால் ஆற்று வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மீன் குஞ்சுகளையும் அவற்றுக்கான உணவையும் சேர்த்தே கொண்டுவரும். குழாய் நீரில் அந்தச் சீதனம் குறைவு. வறண்ட திட்டுகளில் தமிழர்களுக்கு நன்றாகப் பழகிய சீமைக் கருவேலம் புகுந்துகொண்டது. அதை வேரோடு தோண்டியெடுத்து விறகாகக் கொண்டுபோகச் சுற்றுக் கிராம மக்களையே நிர்வாகம் அழைத்தது. சுவருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் கடைசியில் காவலுக்குத் தேவைப்பட்டார்கள்.

இன்றும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மரங்களில் நாரைக் கூடுகள் நிறைகின்றன. ஜோடி ஜோடியாக சாரஸ் கொக்குகள் நடக்கின்றன. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. பயணிகள் பைனாகுலரும் கையுமாக அலைகிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் ரிக்‌ஷா ஓட்டிகளுக்கும் சவாரி இல்லை. நாரைக்கு மீன் கிடைக்குமா என்ற கேள்வியும், வழிகாட்டியின் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கேள்வியும் பரத்பூரில் ஒன்றுதான். இரண்டுக்கும் பதில் கரௌலியில், அணையின் மதகுக்குப் பின்னால் இருக்கிறது.