தீவாந்தரம் போய் வரலாம், வாருங்கள்!

அஞ்சறைப் பெட்டியின் அடியிலோ, அரிசி டின்னுக்குள்ளோ, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நீங்கள் பதுக்கி வைத்திருக்கும் பணத்தில், சிவப்பு நிறப் பழைய 20 ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறதா பாருங்கள். பயப்படாதீர்கள், செலவழிக்கச் சொல்லவில்லை. திருப்பிப் பார்த்தால் போதும். தென்னை மரங்களும், அவற்றுக்கு அப்பால் கடலும், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கமும் தெரிகின்றன அல்லவா? இத்தனை வருஷம் கறிகாய்க்காரியிடம் நீட்டிக் கொண்டிருந்தோமே, அந்தப் படம் எந்த ஊர் என்று நாம் கேட்டதுண்டா? அதுதான் அந்தமான். 

"இந்த வருஷம் அந்தமானுக்குப் போகலாமா?" என்று வீட்டில் பேச்சை எடுத்துப் பாருங்கள். குழந்தைகள் குதிப்பார்கள். "எவ்வளவு ஆகும்?" என்று அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார். பாட்டி மட்டும், "அந்தமானா? நம் வீட்டில் யார் என்ன குற்றம் பண்ணினார்கள்?" என்று திடுக்கிடுவாள். அவள் மேல் தப்பில்லை. தீவாந்தர சிட்சை என்றால் உயிரோடு திரும்பாத சிட்சை என்பதுதான் அவள் காதில் விழுந்த சங்கதி. ராஜேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்று வருவது அந்தமானுக்குத் தெற்கே உள்ள நிக்கோபார்தான் என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னேயே நம்மவர்களுக்குத் தெரிந்த கடல்தான் என்று பாட்டியிடம் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

முதலில் போகும் காலம். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிய உள்ள மாதங்களே உத்தமம். "மே மாதம்தானே பள்ளிக்கூட லீவு?" என்பீர்கள். ஆனால் கேரளத்துக்கு ஜூன் தொடக்கத்தில் வரும் பருவ மழை, அந்தமானுக்கு மே மாதத்திலேயே வந்து விடுகிறது. மழையில் நனைந்தால் தலையைத் துவட்டிக் கொள்ளலாம். கடல் கொந்தளித்துப் படகுகள் நின்று விட்டால் என்ன செய்வது? ஆகையால் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலிலேயே புறப்பட்டு விடுங்கள். அரைப் பரீட்சை லீவும் நல்ல சமயம்தான். ஆனால் அப்போது தேசமே அங்கே வந்து நிற்கும். அறைக்கும் டிக்கட்டுக்கும் வெகு முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடுத்தது, கப்பலா, ஆகாய விமானமா? சென்னையிலிருந்து கடல் வழியாகச் சுமார் 1,190 கிலோ மீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பலில் அறைகளும் உண்டு, அடுக்குப் படுக்கைகளும் உண்டு. கட்டணம் சகாயம், நாலு பக்கமும் நீலத்தைத் தவிர வேறில்லாத அந்த அநுபவமும் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் கப்பல் தினந்தோறும் புறப்படுவதில்லை. தேதியும் சில சமயம் மாறும். பத்து நாளுக்கு மேல் லீவு உள்ளவர்களுக்கே அது சரிப்படும். முதல் தடவை குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் விமானத்தில் போவதே மேல்.

டிக்கட் வாங்கும்போது பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. நாம் போர்ட் பிளேர் என்று அறிந்திருந்த தலைநகருக்கு 2024-ல் 'ஸ்ரீ விஜயபுரம்' என்று பெயர் சூட்டி விட்டார்கள். 2018-ல் ஹாவ்லக் தீவு 'ஸ்வராஜ் தீவு' ஆயிற்று. நீல் தீவு 'ஷஹீத் தீவு' ஆயிற்று. ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயர் வந்தது. 2021-ல் ஹாரியட் மலை 'மணிப்பூர் மலை' ஆயிற்று. 1891-ல் வெள்ளையரோடு போரிட்டுத் தோற்று, இங்கே நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்களின் ஞாபகார்த்தமாக. புகுந்த வீட்டில் பெயர் மாறிய நாட்டுப்பெண்ணைப் பிறந்த வீட்டார் பழைய பெயரிலேயே கூப்பிடுவது போல, படகோட்டிகளும் டாக்ஸிக்காரர்களும் பழைய பெயர்களையும் விடவில்லை. இரண்டையும் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

ஏழு நாள் இருந்தால் முதல் யாத்திரைக்குப் போதும். முதல் இரண்டு நாள் தலைநகரில். மூன்றாம் நாள் காலை படகேறி ஸ்வராஜ் தீவு. அங்கே இரண்டு இரவு. பிறகு ஷஹீத் தீவில் ஓர் இரவு. ஆறாம் நாள் தலைநகருக்குத் திரும்பி விடுங்கள். ஏழாம் நாள் விமானம். இதில் ஆறாம் நாளைத்தான் பலர் வீண் என்று அடித்து விடுகிறார்கள். காலையில் தீவிலிருந்து படகு, மத்தியானம் விமானம் என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறார்கள். காற்று சற்றே பலத்தால் படகு வராது, விமானமோ காத்திராது. கடைசி நேரத்தில் நாலு பேருக்குப் புதிய டிக்கட் வாங்குவதென்றால், மாதச் சீட்டுப் பணம் மொத்தமும் போய் விடும். கடைசி இரவு தலைநகரில்தான் என்பதில் மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விசித்திரம். அந்தமானிலும் நம் கடிகாரம்தான். ஆனால் அது வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிஷம் முந்தி உதித்து, முந்தியே மறைந்து விடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே அஸ்தமனம்! மத்தியானம் குட்டித் தூக்கம் போட்டு, காப்பி குடித்து, புடவை மாற்றிக் கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு வெளியே கிளம்புகிறவர்களுக்கே அந்தமான் தன்னைக் காட்டும்.

போன அன்றைக்கே முதலில் பார்க்க வேண்டியது எது? கடற்கரை என்று குழந்தைகள் சொல்லும். வேண்டாம், சிறைச்சாலைக்கு அழைத்துப் போங்கள். 1896-ல் கட்ட ஆரம்பித்து 1906-ல் முடித்த அந்தச் செல்லுலார் சிறை, நடுவில் ஒரு கோபுரமும் சுற்றிலும் ஏழு கிளைகளுமாக நட்சத்திர மீன் போல இருந்தது. இன்று மூன்று கிளைகளே மிச்சம். ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் முதுகையே பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாதாம்! ஓர் அறைக்குள் நீங்களும் குழந்தையும் போய் ஒரு நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். எட்டாத உயரத்தில் சிறிய ஜன்னல் ஒன்றே வெளிச்சத்துக்கு வழி.

கீழே செக்கு இருக்கிறது. கோவைச் சிறையில் வ. உ. சி. இழுத்ததைப் பாடத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் சொல்லாமலே விளங்கும். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும் என்பது கணக்கு. 1933-ல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, பாலை வலுக்கட்டாயமாகப் புகட்டினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா என்ற மூவர் உயிர் நீத்தார்கள். பிள்ளைகளுக்குப் பால் புகட்டத் தெரிந்த நமக்கு, பால் எமனாக வந்த இந்தச் செய்தியைக் கேட்க என்னவோ செய்கிறது. மாலையில் அங்கே நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியையும் தவற விடாதீர்கள். இதைப் பார்த்து விட்டுக் கடற்கரைக்குப் போனால், அந்த நீலத்தையே கைதிகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றும். குழந்தைகள் அந்தக் கேள்வியோடு ஊர் திரும்பினாலே போன செலவுக்குப் பலன் கிடைத்து விட்டது.

இரண்டாம் நாள் ராஸ் தீவு. துறைமுகத்திலிருந்து சிறிது நேரப் படகுப் பிரயாணம்தான். வெள்ளைக்காரன் தலைமை இடமாக வைத்துக் கொண்டு விருந்தும் நடனமுமாக வாழ்ந்த இடம் அது. 1941-ல் பூகம்பம் வந்தது. மறு வருஷம் ஜப்பானியர் வந்தார்கள். இன்று மாதா கோயிலின் சுவரையும் மாளிகைகளின் சுவரையும் மரத்தின் வேர்கள் கட்டிப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. நடுவில் மான்கள் மேய்கின்றன.

ஸ்வராஜ் தீவிலும் ஷஹீத் தீவிலும் நம் பெண்களுக்குப் பிடித்த ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்த குடும்பங்களைக் குடியேற்றிய இடங்கள் இவை. ஒரு தீவில் கோவிந்தநகர், கிருஷ்ணநகர், சியாம்நகர், ராதாநகர். மற்றதில் ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர்! கண்ணன் குடும்பம் ஒரு தீவில், ராமன் குடும்பம் அடுத்த தீவில். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் புதிய மண்ணில் முதலில் நட்டது இந்தப் பெயர்களைத்தான் போலும்.

ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது. அங்கே அஸ்தமனத்தைப் பார்க்க வேண்டும். பெருமரங்கள் கடல் மணல் வரை வந்து நிற்கின்றன. ஷஹீத் தீவில் பாறையே பாலமாக வளைந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நீர் வடியும் நேரம் பார்த்துத்தான் அங்கே போக முடியும். நேரத்தை முதல் நாளே விசாரித்துக் கொள்ளுங்கள். கடலில் இறங்குவதற்கு முன் பலகையைப் படியுங்கள். உப்பு நீர் முதலைகள் உள்ள தீவுகள் இவை. எல்லோரும் குளிக்கும் இடத்திலேயே, அனுமதித்த எல்லைக்குள்ளேயே குளியுங்கள்.

படகில் சிலருக்குத் தலை சுற்றும். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாமல், நடு இடத்தில் அமர்ந்து, தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால் சிரமம் குறையும். டாக்டர் சொன்ன மாத்திரை இருந்தால், புறப்படும் முன்பே போட்டுக் கொள்ளுங்கள். மாமியாரை அழைத்துப் போவதானால் படகில் ஏற இறங்கக் கை கொடுக்க ஒருவர் கூடவே இருக்கட்டும். சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்த 2020-க்குப் பிறகு செல்போன் எவ்வளவோ தேவலை; ஆனாலும் சிறு தீவுகளில் கைப்பணம்தான் துணை. எல்லோருக்கும் படத்தோடு கூடிய அடையாளச் சீட்டும் வேண்டும். தமிழ் பேசுகிறவர்கள் தலைநகரில் நிறைய. இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை. காய்கறி பெரும்பாலும் கப்பலேறி வருவதால் விலை மட்டும் சற்றுச் சுடும்.

இனி, சகோதரிகளே, ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாராடாங் தீவில் சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் உண்டு. அங்கே போகும் சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. "போகிற வழியில் காட்டு மனுஷரைப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாரவாக்கள் சில நூறு பேர். 1990-களின் பிற்பகுதியில்தான் வெளியாருடன் பழக ஆரம்பித்தார்கள். 1999-லேயே அவர்களிடையே தட்டம்மை புகுந்து விட்டது. நமக்கு ஒரு வார ஜுரம். அவர்களுக்கு அது குலநாசம் ஆகி விடலாம். அந்தச் சாலையை மூடும்படி சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் உத்தரவிட்டும் வண்டிகள் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன. படம் எடுப்பதும் தின்பண்டம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் கிடக்கட்டும். நம் வீட்டு முற்றத்தின் வழியாக ஊரார் வரிசையாகக் கார் ஓட்டிக் கொண்டு வந்து, நாம் பிள்ளைக்குத் தலை வாரி விடுவதை எட்டிப் பார்த்துச் சிரித்து, பிஸ்கோத்து எறிந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அங்கேயும் ஒரு தாய்தான் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். குகையைப் பார்க்காமல் வந்தால் ஒன்றும் குடி முழுகி விடாது. அந்த ஒரு நாளை ராதாநகரில் கூடுதலாகக் கழியுங்கள். "ஏன் போகவில்லை?" என்று குழந்தை கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஞாபகார்த்தமாக எதையாவது கொண்டு வர வேண்டுமானால் அந்தமானின் படாக் மரத்தில் செய்த சிறு சாமான் வாங்கலாம். கரையில் கிடக்கும் பவழத் துண்டை, "கேட்பாரில்லை" என்று முந்தானையில் முடிந்து கொள்ளாதீர்கள். பவழத்தை எடுப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைவிட, மீன் குஞ்சுகளுக்கு வீடு அதுதான்.

திட்டம் தயார். இனி அவர் ஆபீஸில் ஏழு நாள் லீவுக்கு மனுப் போட வேண்டியதுதான் பாக்கி. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அவருக்குப் பிடித்த வற்றல் குழம்பை வைத்து விட்டு, மெதுவாகப் பேச்சை எடுங்கள்!