மருத மரத்தடியில் ஒரு பேச்சு

முன்பு பாதைக்காகக் காத்திருந்து கடந்த வெருகல் ஆற்றை இப்போது பாலத்தால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். அன்று பாலத்தடியில் இறங்கி, கரையிலுள்ள மருத மர நிழலில் பெண்கள் குழுவுடன் அமர்ந்தேன். 2006இல் வெருகல், ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து, வாகரை வழியே மட்டக்களப்புக்குப் பிள்ளைகளுடன் நடந்தவர்கள் இவர்கள். பெரும்பாலும் பெண் தலைமைக் குடும்பங்கள்.

"விறகு வெட்டி வித்துத்தான் லோன் கட்டுறன் மிஸ்" என்றார் ஓர் அக்கா, மரத்தில் சாய்ந்தபடி.

அந்த மரத்தைப் பார்த்ததும் நான் படித்த ஒரு விடயத்தைச் சொன்னேன். இந்தியாவின் ஜார்க்கண்ட் காடுகளில் இதே மருத மரத்திலும் சால மரத்திலும்தான் தசர் எனும் காட்டுப்பட்டுப் புழு வளர்கிறது. பழங்குடி மக்கள் புழுக்களை மரத்தில் விட்டு, பறவையும் எறும்பும் தின்னாதபடி காவல் இருப்பார்கள். கிளையில் கூடு கட்டியதும் பறிப்பார்கள். மரம் நின்றால்தான் வருமானம்.

"அப்ப அந்தச் சனம் நல்லா இருக்குமே?"

அப்படியில்லை. கூட்டை விற்றவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். கூட்டை அவித்து நூலாக்குவது பெண்களின் வேலை. தொடையில் வைத்து உருட்டித் திரித்ததால் தோல் புண்ணானது, இலாபமோ வியாபாரிக்கு. 2005இல் நூல் திரிக்கும் பெண்களே பங்காளிகளாகி 'மசுதா' என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். 2019இல் இந்திய அரசு, தொடையில் திரிப்பதை நிறுத்த 'புனியாத்' எனும் சிறு இயந்திரங்களைப் பழங்குடிப் பெண்களுக்கு வழங்கியது.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

"எங்கட தேனும் அப்பிடித்தானே மிஸ்" என்றார் வேடர் குடும்பத்துப் பெண் ஒருவர். "காட்டுக்குள்ள போறது நாங்க, விலை சொல்றது வாங்க வாறவர்."

பட்டுப்புழுவை இங்கே கொண்டுவருவோம் என்று நான் சொல்லவில்லை. கேட்காமலே நாங்கள் கொடுத்த தையல் இயந்திரங்கள் சில வீடுகளில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தவள் நான். தெரிந்த தொழிலில் இருந்து தொடங்குவதே நல்லது.

அடுத்த தேன் காலத்தில் தனித்தனியே விற்பதில்லை, வடித்து ஒரே அளவுப் போத்தலில் நிரப்பி ஒரே விலை சொல்வது என்று முடிவானது. பதினொரு பேர் கொப்பியில் பெயர் எழுதினார்கள். கடைசியாக எழுதியவர் அந்த விறகு அக்கா.

"வெட்டுறதை விடுவன் எண்டு இப்ப சொல்லமாட்டன் மிஸ். தேன் காசு லோனுக்குக் காணுமெண்டால் பிறகு சொல்றன்."

நியாயமான பேச்சு. அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.