கறுத்துப்போன குப்பி

2005ஆம் ஆண்டு ஜூன் மாத இடவப்பாதி மழையில், சுனாமியில் வீடிழந்தவர்கள் குடிக்கிற தண்ணீரில் மலம் கலந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. என் குற்றம் இதுதான். எப்படி நடந்தது என்பதையும் சொல்கிறேன். அதில் எனக்குச் சாதகமாக எதுவும் இல்லை.

நான் காரக்கோணத்துக்காரன். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். எங்கள் மண் வெட்டுக்கல் மண். கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். கக்கூசுக்குக் குழி தோண்டி நாலு உறை இறக்கினால் வருடக்கணக்கில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். சிவில் டிப்ளமோ படித்திருந்தேன். ஆனால் மண் என்றால் எனக்கு என் ஊர் மண்தான்.

2004 டிசம்பர் 26இல் குமரிக் கடற்கரை அழிந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மணக்குடியில் பாலமே பெயர்ந்துபோயிற்று. ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். தற்காலிகக் குடியிருப்புகள் சிலவற்றில் தண்ணீர், கழிப்பறை, சுகாதாரம் மூன்றையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பைத் தந்தார்கள். யார் லாரி விடுவது, யார் சின்டெக்ஸ் தொட்டி வைப்பது, யார் சோப்பும் பக்கெட்டும் கொடுப்பது, யார் குழி தோண்டுவது எல்லாம் என் கையில். எவரெஸ்ட் ஏறப்போய், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து, பிறகு இங்கேயே வந்து பல ஆண்டுகள் வேலை செய்தவர் டாக்டர் சாமர்வெல். அவர் பெயரில் எங்கள் ஊரில் மருத்துவக் கல்லூரி நிற்கிறது. கூட்டங்களில் அவரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். அந்தச் சேவையில் எனக்கும் பங்கு இருப்பதுபோல ஒரு நினைப்பு.

நிவாரண வேலைக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடு எனக்கு மனப்பாடம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. இன்னொன்றும் அதில் உண்டு. குழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்குக் குறைந்தது 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும், தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதையும் படித்திருந்தேன்.

அந்தக் குடியிருப்புகளில் ஒன்றில் நான் குழிக்கு அடையாளம் போட்ட அன்று ஒரு பாட்டி வந்து நின்றார். சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர்.

"சாரே, இங்க ரெண்டு முழம் தோண்டினா தண்ணி. அதுலயே வெளிக்கிருந்தா அடிபம்புலயும் அதுதானே வரும்?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம், பாட்டி."

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னேன். அந்தச் சிரிப்பை விளக்காமல் விட்டால் இந்த வாக்குமூலம் பொய். உள்நாட்டு ஊர்களில் பிறந்த எங்களுக்குக் கடப்புறத்து ஆட்கள் என்றால் ஒரு இளக்காரம் உண்டு. அவர்களுக்குச் சுத்தம் தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது சின்ன வயதிலேயே காதில் விழுந்த பேச்சு. சோப்பு போட்டுக் கை கழுவுவது எப்படி என்று அந்தப் பெண்களுக்கு வகுப்பெடுத்தபோது அந்த இளக்காரம் என் குரலில் இருந்தது. அதைச் சேவை என்று நினைத்தேன். தினமும் அந்த மணலைத் தோண்டிப் புழங்கியவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை, சொன்னவர் யார் என்பதற்காகவே தள்ளினேன்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை புல்லுவிளை. அங்கே பால் கால்வர்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1990களிலேயே மீனவர்களுக்கு, தரைக்கு மேலே இரட்டை அறை கட்டி, சிறுநீரும் கழுவிய நீரும் தனியே செடிப் பாத்திக்குப் போகும்படி கழிப்பறை அமைத்துக் கொடுத்திருந்தார். நிலத்தடி நீர் மேலே நிற்கும் கடற்கரைக்கென்றே யோசித்துச் செய்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கட்ட நாள் பிடிக்கும். பணம் கொடுத்தவர்கள் பார்வையிட வரும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. உறைக் குழியே போதும் என்று கையெழுத்துப் போட்டேன். நாகர்கோவில் கூட்டத்தில் "இலக்கு முடிந்தது" என்று வாசித்தேன். கை தட்டினார்கள்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. குழிகள் நிரம்பி, கழிப்பறைக் கோப்பைக்குள் தண்ணீர் ஏறி நின்றது. என் பையில் பரிசோதனைக் குப்பிகள் இருந்தன. 1982இல் குவாலியரைச் சேர்ந்த மஞ்சாவும் சகாக்களும் வெளியிட்ட எளிய சோதனை அது. குப்பியில் தண்ணீர் பிடித்து வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். அடிபம்பில் பிடித்து, நான் தங்கியிருந்த அறையின் ஜன்னலில் வைத்தேன். காலையில் பார்த்தபோது மை போலக் கறுத்திருந்தது. மூடியைத் திறந்தேன், அழுகிய முட்டை நாற்றம். வாஷ்பேசினில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினேன். கை நடுங்கியது. அந்த மக்களை நினைத்து அல்ல. கூட்டத்தில் என் முகம் என்னவாகும் என்று நினைத்து.

சொல்லியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ சொல்லித்தான் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஒரு ஸ்பானர் போதும். ஆனால் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். நான் செய்தது வேறு. லாரித் தண்ணீர் நிரப்பும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போடச் சொன்னேன். கெட்டது அடிபம்பு, மருந்து விழுந்தது தொட்டியில். மருந்து வாடை தாங்காமல், அதுவரை தொட்டியில் பிடித்தவர்களும் பம்புக்குப் போனார்கள்.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு மஞ்சள் காமாலை. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி காமாலையில் விழுந்தாள். புருஷன் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் ரோடு வரை நடந்ததைப் பார்த்தேன். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை என நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நிரூபணத்தைக் கொட்டிக் கழுவியவன் நான்.

கடைசியில் அந்தப் பெண்களே பம்பின் கைப்பிடியை வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். முன்னால் நின்றவர் அந்தப் பாட்டி. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாத அறிக்கையில் நான் அதை "சமூகப் பங்கேற்பு" என்று எழுதினேன். அந்த வரிக்கும் பாராட்டு வந்தது.

2018 கேரள வெள்ளத்தின்போது, சுனாமியில் வேலை செய்த அனுபவசாலி என்று தன்னார்வலர்களுக்குப் பாடம் நடத்த என்னை அழைத்தார்கள். போனேன். மக்களின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். எங்கே கற்றீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அனுபவம் என்றேன். குப்பியைப் பற்றிச் சொல்லவில்லை.

பிள்ளையை இழந்த அந்தத் தம்பதி இப்போதும் அதே கரையில்தான் இருக்கிறார்கள். களியக்காவிளையில் பஸ் ஏறினால் காலையில் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். இதை எழுதுவதற்கு முன்னால் போய் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது.