ஸ்டியரிங் ஆட்டம்



அடையாறு தம்பியின் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் ஸ்டியரிங் ஆட்டம். அதில்தான் பேரப்பிள்ளைகளோடு கொல்லிமலைக்குப் போகத் திட்டம். 70 கொண்டை ஊசி வளைவுகள்!

“ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றணும்” என்றார் ஒருவர். மந்தைவெளிப் பெரியவரோ, என்ஜினை அணைத்து, சக்கரம் தரையில் இருக்க, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே படுத்துப் பார்த்தார். பாக்ஸிலிருந்து வரும் கை உடனே அசைந்தது. அடுத்திருந்த டிராக் லிங்க்கின் பால் ஜாயிண்ட்தான் தொளதொளவென்று ஆடியது. ஜி.பி. ரோட்டில் வாங்கி மாற்றி, அலைன்மென்ட் பார்த்ததும் சரியாயிற்று.

பாக்ஸை மாற்றியிருந்தாலும் ஆட்டம் போயிருக்காது. தேய்ந்த ஜாயிண்ட் மலையில் கழன்றிருந்தால்?

கணக்கில் எந்த வரியில் பிழை என்று பார்த்துத்தானே திருத்துவோம்! பழைய வண்டி வைத்திருப்போர், துணைக்கு ஒருவரை வைத்து இன்றே ஆட்டிப் பாருங்கள்.