அம்மாவின் நோவுக்கு உரை

வெள்ளவத்தை வீட்டில் “வயிறு நோகுது” என்று அம்மா குனிந்தபோதெல்லாம், வகுப்பறையில் சொல்லுக்குச் சொல் உரை கூறும் நாம், ‘வாய்வு’ என்றே பொருள் கொண்டோம். பித்தப்பைக் கல் என வைத்தியர் கூறிய பின்னரே நூல்களைப் புரட்டினோம்.

ஈரல் கொலஸ்திரோலைப் பித்த அமிலமாக்குகிறது. எஞ்சிய கொலஸ்திரோலைக் கரைத்துவைப்பதும் அவ்வமிலமே. கரையாது மிஞ்சினால் கல் விளையும். ஆய்வுகூடச் சுண்டெலிகளில் பித்த அமிலச் சேமிப்புப் பெண்ணிடமே மிகுதி. மனிதருள்ளோ பித்தக்கல் பெண்களையே அதிகம் வாட்டுகிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகித்தல் தகாது.

ஆயினும், நான்கைந்து நாட்களுக்கொருமுறை சுழலும் இனப்பெருக்கச் சக்கரம் கணக்கைக் குழப்புமென்று, ஆய்வாளர் பலர் நெடுங்காலம் பெண் எலிகளை ஒதுக்கினர். ஆணுடல் கண்டு எழுதிய உரை பெண்ணுக்கும் பொருந்துமென நம்பினர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இருபாலையும் கருதும்படி கோரியது 2016இல்தான்.

எம் பிழையும் அதுவே: அம்மாவைக் கேளாமலே அவர் நோவுக்கு உரை எழுதினோம்.