பெயரைக் கண்டு மயங்காதீர்



கணினியில் நாம் எதையும் திறக்காதபோதும், திரைக்குப் பின்னே நூற்றுக்கும் மேற்பட்ட பணிகள் நடந்துகொண்டிருக்கும். லினக்ஸ் உலகில் இவற்றுள் பலவற்றுக்கு 'டீமன்' என்று பெயர். 1963ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் பணியாற்றியோர், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த குட்டிப் பூதத்தை நினைந்து இப்பெயரை வழங்கத் தொடங்கினர். ஓயாமல் ஏவல் செய்யும் நல்ல பூதம் என்பது கருத்து. எல்லாப் பூதமும் நல்ல பூதமா என்பதுதான் கேள்வி.

அண்மையில் அன்பர் ஒருவர் எங்கள் பள்ளிக்குப் பழைய கணினி ஒன்றை நன்கொடையாக வழங்கினார். உபுண்டு லினக்ஸ் முன்னரே அதில் நிறுவப்பட்டிருந்தது. மாணவர்களின் மதிப்பெண்களையும் பெற்றோரின் தொலைபேசி எண்களையும் அதில் பதிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேலை ஏதும் இல்லாதபோதும் அதன் விசிறி இரைந்துகொண்டிருந்தது ஐயத்தைத் தந்தது. முனையத்தைத் திறந்து 'டாப்' எனும் கட்டளையை இட்டேன்.

இரண்டு பெயர்கள் கண்ணில் பட்டன. ஒன்று 'டிராக்கர் மைனர்'. அதைக் கண்டதும் உடன் பணிபுரியும் ஆசிரியை, "ஐயா, வேவு பார்ப்பது இதுதான்!" என்றார். உண்மையில் அது குனோம் பணிச்சூழலின் ஓர் உறுப்பு. நம் கோப்புகளை விரைவாகத் தேடித் தருவதற்காக அட்டவணை தயாரிக்கும் அப்பாவி. 2024ஆம் ஆண்டில் அதற்கு 'லோக்கல்சர்ச்' என்று பெயரும் மாற்றப்பட்டுவிட்டது.

மற்றொன்று 'கேஸ்வாப்டி'. நினைவகம் நிரம்பும்போது இடம் ஒழித்துத் தரும், லினக்ஸின் உட்கருவைச் சேர்ந்த பணி அது. அதன்மேல் எவருக்கும் எளிதில் ஐயம் எழாது. அதனால்தான் பிறர் கணினியில் திருட்டுத்தனமாக மின்நாணயம் திரட்டும் தீநிரல்கள் அப்பெயரைப் புனைந்துகொள்கின்றன.

பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். யாருடைய பெயரில் இயங்குகிறது? உட்கருப் பணியானால் 'ரூட்' பெயரில் இயங்கும். இங்கோ முந்தைய பயனரின் பெயர் இருந்தது. அதன் தாய்ப்பணி எது? உட்கருப் பணிகளுக்குத் தாய், எண் 2 கொண்ட 'கேத்ரெட்டி'. இங்கே வேறோர் எண். எங்கிருந்து வந்தது? உட்கருப் பணிக்கு வட்டில் தனிக் கோப்பு இராது, 'பி.எஸ்.' பட்டியலில் அதன் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் தோன்றும். இதற்கோ அடைப்புக்குறி இல்லை. 'புரோக்' கோப்புறையில் தேடியபோது, புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புறை ஒன்றை அது காட்டிக்கொடுத்தது.

நிறுத்தினேன், மறுபடியும் எழுந்தது. குறித்த நேரத்தில் பணிகளை எழுப்பும் 'கிரான்' அட்டவணையில் அதற்கென ஒரு வரி இருந்தது. அவ்வரியை நீக்கினால் போதும் என்றனர் சிலர். நான் உடன்படவில்லை. உள்ளே வந்தவன் வேறு எத்தனை வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறானோ! இணையத் தொடர்பைத் துண்டித்து, வட்டை முற்றாக அழித்து, லினக்ஸைப் புதிதாக நிறுவி, வலுவான கடவுச்சொல்லும் இட்ட பின்னரே முதல் மாணவரின் பெயரைப் பதிந்தேன்.

பெற்றோர்களே, பிள்ளையின் புதிய நண்பன் வீட்டுக்கு வந்தால் யார் வீட்டுப் பிள்ளை, பெற்றோர் யார், எங்கிருந்து வருகிறான் என்று விசாரிக்கிறோம் அல்லவா? பிறரிடமிருந்து வரும் கணினியிடமும் அதையே கேளுங்கள். பெயர் அச்சுறுத்துகிறது என்பதற்காக எதையும் அழித்துவிடாதீர்கள். பழகிய பெயர் என்பதற்காக எதையும் நம்பியும் விடாதீர்கள்.