கூட்டிரிப்பு

திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் நோயாளியுடன் தங்கும் உறவினருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. நுழைவுச்சீட்டில் அவர் ‘பைஸ்டாண்டர்’. பேச்சு மலையாளத்தில் அவரே ‘கூட்டிரிப்புக்காரர்’. முதற்சொல்லுக்கு ஆங்கிலத்தில், நடப்பதை ஒதுங்கி நின்று பார்ப்பவர் என்று பொருள். இரண்டாவதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை, கூட இருப்பவர். குறிக்கப்படுபவர் ஒருவரே. ஆனால் அவர் நிற்பவரா, இருப்பவரா என்பது குழந்தைகளின் நுரையீரல் மருத்துவத்தில் வெறும் சொல் ஆராய்ச்சியாக முடிந்துவிடுவதில்லை.

‘குடும்பத்தை மையமாகக் கொண்ட மருத்துவம்’ என்ற தொடர் இன்று இந்தியப் பாடநூல்களிலும் கருத்தரங்குகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. அதன் பிறப்பிடம் வேறு. 1940களில் பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்திற்கு ஓரிரு முறைதான் குழந்தையைப் பார்க்கலாம். சில இடங்களில் அதுவும் இல்லை. தொற்று பரவும், பெற்றோர் போனபின் குழந்தை அழும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். 1925இல் நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் தாய்மாரையும் குழந்தையுடன் தங்கவைத்தது விதிவிலக்காகவே இருந்தது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் எட்டு நாட்களைப் படமெடுத்துக் காட்டினார். மருத்துவர்கள் பலர் கோபம் கொண்டனர். 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோரின் வருகைக்கான தடைகளை நீக்கப் பரிந்துரைத்தது. அங்கே நடந்தது கதவைத் திறக்கும் போராட்டம்.

இங்கே, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு நீங்கலாக, அந்தக் கதவு மூடப்பட்டதே இல்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனையின் முழுப்பெயர் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. ஆறு வயதில் இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் ஒருவரின் நினைவாக, 1950களின் தொடக்கத்தில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமென எழுந்தது. இத்தகைய அரசு மருத்துவமனைகளில் தாய் குழந்தையின் கட்டிலிலேயே படுப்பாள். மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவாள். இரத்த மாதிரியை ஆய்வகத்தில் கொடுப்பாள். வெந்நீருக்கு வரிசையில் நிற்பாள். அவள் இல்லாவிட்டால் வார்டு இயங்காது. அதனால் இங்கே கேள்வி, குடும்பத்தை உள்ளே விடுவதா என்பதல்ல. ஏற்கெனவே உள்ளே இருந்து இத்தனை வேலையும் செய்யும் குடும்பத்திடம், அதற்குத் தெரிந்ததை மருத்துவம் கேட்கிறதா என்பதே.

ஆஸ்துமாவை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் மூச்சுக்குழல் சிறியது. சீரான காற்றோட்டத்தில் குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை 16 மடங்காகும். ஆகவே சிறிதளவு வீக்கமும் பெரிய திணறலாகிவிடும். நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவி இருக்கிறதே என்றால், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் சொன்னபடி ஊதுவது அரிது. போதாக்குறைக்கு, இந்நோய் பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் முற்றும். பகல் பத்து மணிக்கு மருத்துவர் முன் உட்காரும்போது குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். ஆக, சிறு குழந்தையின் ஆஸ்துமாவைக் கண்டறிவதற்குரிய முதன்மைச் சான்று தாயின் வாய்மொழி.

அந்த வாய்மொழியைக் கேட்கவும் பயிற்சி வேண்டும். எல்லை தாண்டிக் களியக்காவிளை வழியாக வரும் குமரி மாவட்டத்துத் தாய் ஒருத்தி ‘வீசிங்’ என்கிறாள். (அம்மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் நிலத்தின் பகுதி, சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்லும் வழக்கத்தை மாநில எல்லை மாற்றிவிடவில்லை.) அவள் சொல்வது மூச்சு வெளிவிடும்போது எழும் விசில் ஒலியையா, தொண்டையில் சளி குறுகுறுப்பதையா, மூக்கடைப்பையா? மூன்றுக்கும் மருத்துவம் வேறு. அனுபவமுள்ள மருத்துவர் அவளைத் திருத்துவதில்லை. அந்த ஒலியை எழுப்பிக் காட்டச் சொல்கிறார், அல்லது இரவில் கைப்பேசியில் எடுத்த காணொளியைக் கேட்கிறார். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குவதை அந்தக் காணொளியில் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவருக்கு, தாய் இனி பைஸ்டாண்டர் அல்ல.

இந்தியாவில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இருவரும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் பிரசவம் பார்க்கும் பெண்களுக்கும் குழந்தைகளின் நிமோனியாவைக் கண்டறியக் கற்றுக்கொடுத்தனர். மரணங்கள் குறைந்ததை 1990இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தை நிமிடத்திற்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அபாயம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆனால் ஐம்பது வரை எண்ணத் தெரியாதவர் என்ன செய்வார்? மணற்கடிகாரத்தோடு மணிகள் கோத்த ஒரு கருவி செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்தால் மருந்து. எழுத்தறியாத பெண்ணின் கண்ணை நம்பி ஒரு மருத்துவக் கருவி அமைந்தது சிறிய செய்தியன்று.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகள் நுரையீரல் மருத்துவரான ஹெதர் ஸார் இன்னொரு வழியில் சென்றார். இன்ஹேலரைச் சிறு குழந்தை நேரடியாக உறிஞ்ச இயலாது. இடையில் ‘ஸ்பேசர்’ என்னும் குழாய் வேண்டும். கடையில் வாங்க வசதியில்லாதவருக்காக, 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியின் அடியில் இன்ஹேலரின் வாய் பொருந்துமளவு துளையிட்டுச் சந்தை அடைத்தால், விலைக்கு விற்கும் ஸ்பேசருக்கு நிகராக மருந்து சேர்வதை அவருடைய குழு 1999இல் காட்டியது.

கருவி கிடைத்தபின்னும் வேலை முடிவதில்லை. இன்ஹேலரைக் குலுக்குவது, ஒரு முறை அழுத்துவது, ஐந்தாறு மூச்சு காத்திருப்பது, அடுத்த அழுத்தத்திற்குமுன் மீண்டும் குலுக்குவது ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தால் போதாது. “இனி நீங்க செஞ்சு காட்டுங்கம்மா” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தெரியும், கழுவிய ஸ்பேசரை அவள் முந்தானையால் பளபளவெனத் துடைக்கிறாள் என்பது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி, மருந்துத் துளிகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்பு நீரில் அலசி, துடைக்காமல் தானே உலர விட வேண்டும். பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்ப்பதே சுத்தம் என்று வளர்ந்த கைக்கு இது எளிய பாடமன்று.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. ‘குடும்பம்’ என்று எழுதிவிட்டுத் தாயை மட்டும் அமர்த்தி எல்லாவற்றையும் அவள் தலையில் வைப்பதே நடைமுறையாகிவிட்டது. மருந்தை விட்டுவிட்டால் அவள் குற்றவாளி. வீட்டுத் திண்ணையில் தந்தை பிடிக்கும் பீடியும், மூடிய அறையில் எரியும் கொசுவத்திச் சுருளும் அவள் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. “இன்ஹேலர் பழகிப்போகும், பொட்டப்பிள்ளைக்கு நாளை கல்யாணம் காட்சி இல்லையா?” என்று கேட்கும் மாமியாரிடம் அவள் என்ன சொல்வாள்? ஒவ்வொரு வருகைக்கும் போகிற நாட்கூலியை எந்த மருத்துவக் குறிப்பும் பதிவு செய்வதில்லை.

சில மருத்துவர்கள் இதற்கு எளிமையான ஒன்றைச் செய்கிறார்கள். அடுத்த முறை வரும்போது அப்பாவையும் பாட்டியையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். ஸ்பேசரைத் தாயின் கையில் கொடுக்காமல் பாட்டியிடம் நீட்டுகிறார்கள். பாட்டி முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று கேட்பாள்.